அகஸ்திய மலையின் மஞ்சள் பாதுகை

கேள்வி: ஒரே ஆர்க்கிடுக்கு 'சிப்ரிபீடியம் ட்ரூரி', 'பாபியோபெடிலம் ட்ரூரி' என்று இரண்டு நாமங்கள் வழங்குவது ஏன்?

பதில்: 1865-இல் கர்னல் ட்ரூரி அகஸ்திய மலைப் பகுதியில் கண்டு, 1874-இல் பெட்டோம் வர்ணித்த இம்மஞ்சள் புஷ்பம், அதன் கீழிதழ் பாதுகைபோல் குழிந்திருப்பது பற்றி, அதே லட்சணமுடைய சீதள தேசத்துச் சிப்ரிபீடியம் செடிகளோடு முதலில் சேர்க்கப்பட்டிருந்தது; ஆசிய உஷ்ணப் பிரதேசத்துச் செடிகளுக்கென்று பாபியோபெடிலம் என்னும் தனிப் பேரினம் 1886-இல் வகுக்கப்பட்ட பின், 1892-இல் ஸ்டைன் இதனை அங்கே மாற்றினார். பெயர் மாற்றத்தால் செடிக்கு நஷ்டமொன்றுமில்லை. அதன் சௌந்தரியத்தில் மோகங்கொண்டு கிழங்கோடு பெயர்த்துச் சென்றவர்களாலும் காட்டுத் தீயாலுமே, தென்னிந்தியாவில் தன் பேரினத்துக்கு ஒரே பிரதிநிதியான இது மிக அருகிவிட்டது. சர்வதேச வர்த்தகத் தடை இருக்கிறது. திருடனுக்குத் தடை ஏது? மலையேறும் அன்பர்கள் இதனைக் கண்டால் கண்ணாரக் கண்டு திரும்புங்கள்; இடத்தை மட்டும் எவரிடமும் சொல்லாதீர்கள்.