மேசை மேல ஒரு அம்பாத்துரை

நத்தத்துல ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. ரயில் பிடிக்கணும்னா கோபால்பட்டி, சாணார்பட்டி வழியா திண்டுக்கல், இல்லைன்னா மதுரை. ரெண்டுக்கும் பஸ்தான். அதனாலயோ என்னவோ, எங்க கேங்ல நாலு பேருக்கு ரயில்னா கொஞ்சம் ஓவர் ஆசை.

போன வருஷம் சிம்போசியத்துக்கு ஒரு மாடல் ரயில்வே செஞ்சோம். எட்டடிக்கு நாலடி பிளைவுட், வட்டமா தண்டவாளம், நடுவுல கூரான மலை, அதுல ஒரு குகை, சுத்தி ஊசியிலை மரம். ரயில் நல்லாத்தான் ஓடுச்சு. பார்க்க வந்தவங்கள்ல ஒருத்தர் ரயில்வேயில டிராக் வேலை பார்க்கிறவர், நண்பனோட அப்பா. ரெண்டு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "நல்லா இருக்கு தம்பி. இது எந்த ஊரு லைனு?"ன்னு கேட்டார். அப்புறம் குனிஞ்சு ஜல்லியைத் தொட்டுப் பார்த்துட்டு, "இது மேல நடந்தா எங்க ஆளுங்க கால் ஒடிஞ்சிரும்"னு சிரிச்சார். நாங்களும் சிரிச்சோம். ஆனா முதல் கேள்விக்கு எங்ககிட்ட பதில் இல்லை. யூடியூப்ல பார்த்த ஜெர்மன் லேஅவுட்டை அப்படியே காப்பி அடிச்சிருந்தோம், அவ்வளவுதான்.

இந்த வருஷம் திண்டுக்கல்லுக்கும் கொடைக்கானல் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற அம்பாத்துரை பக்கத்து லைனைச் செஞ்சோம். அதுல கத்துக்கிட்டதை இங்க எழுதுறேன். நீங்க செய்யும்போது எங்களை விட ரெண்டு மாசம் மிச்சம் ஆகும்.

முதல்ல ஸ்கேல். உலகத்துல அதிகம் பேர் வெச்சிருக்கிறது எச்.ஓ., அதாவது 1:87. ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்து மினியேச்சர் வுண்டர்லாண்ட், நம்ம நாட்டுல புனே ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் எல்லாம் இந்த ஸ்கேல்தான். எச்.ஓ. தண்டவாளத்தோட அகலம் 16.5 மி.மீ. அதை 87ஆல பெருக்கினா 1435 மி.மீ. வருது. அது ஐரோப்பாவோட ஸ்டாண்டர்ட் கேஜ். நம்ம பிராட் கேஜ் 1676 மி.மீ. அதாவது எச்.ஓ. தண்டவாளத்துல 1:87 அளவு இந்திய ரயிலை நிறுத்தினா, கிட்டத்தட்ட கால் மீட்டர் ஒடுக்கமான லைன்ல அது நிக்குது. குண்டு ஆளு சின்ன செருப்பு போட்ட மாதிரி இருக்கும். பார்க்கிறவங்களுக்கு என்ன தப்புன்னு சொல்லத் தெரியாது, ஆனா ஏதோ உறுத்தும்.

இப்போ அதே 16.5 மி.மீ. டிராக்கை வெச்சுக்கிட்டு ஸ்கேலை 1:100ன்னு மாத்திப் பாருங்க. 1676ஐ 100ஆல வகுத்தா 16.76. வித்தியாசம் 0.26 மி.மீ., ரெண்டு மூணு தாளோட கனம். அதுக்கு மேல ஒரு போனஸும் உண்டு: 1 மீட்டர்னா 1 சென்டிமீட்டர். கால்குலேட்டரே வேண்டாம். சிவில் பசங்க தினமும் வரையற ஸ்கேல்தான் இது. கடையில விக்கிற 1:87 கோச் இதுக்குப் பொருந்தாது, உண்மைதான். ஐ.சி.எஃப். கோச்சோட பாடி நீளம் சுமார் 21.3 மீட்டர், அகலம் சுமார் 3.25 மீட்டர். அட்டையில 213 மி.மீ.க்கு 32.5 மி.மீ.ன்னு வெட்டி ஒட்டிட்டோம். என்ஜினுக்கு மட்டும் எச்.ஓ. சேஸிஸ் மேல நம்ம பாடி. (தாத்தா காலத்து மீட்டர் கேஜ்தான் வேணும்னா 9 மி.மீ. 'என்' டிராக்கை எடுத்து 1:110ல செய்யுங்க, கிட்டத்தட்ட சரியா வரும்.)

அடுத்தது இடம். நம்ம பிராட் கேஜ்ல அனுமதிக்கிற ரொம்ப கூர்மையான வளைவு 10 டிகிரி, ஆரம் 175 மீட்டர். மாடல்ல அது 1.75 மீட்டர். அரை வட்டம் திரும்பவே மூணரை மீட்டர் அகலம் வேணும். நாலடி பிளைவுட்ல ரயிலைச் சுத்த விட்டீங்கன்னா அது கண்காட்சி ராட்டினம் ஆயிடும். நாங்க அந்தப் பலகையை நீளவாக்குல ரெண்டா அறுத்து, ரெண்டடி அகலத்துல பதினாறடி நீளமா வரிசையா வெச்சோம். கிட்டத்தட்ட நேர் லைன், ஒரே ஒரு மெல்லிசு வளைவு. ரெண்டு முனையிலயும் அட்டை மறைப்பு, ரயில் ஒரு பக்கம் மறைஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பி வரும். பதினாறடின்னா நிஜத்துல 490 மீட்டர் கூட இல்லை. 24 கோச் எக்ஸ்பிரஸ் அதுல அடங்காது, அதனால எங்க வண்டிக்கு ஆறு கோச். பிளாட்ஃபாரத்தையும் அதே விகிதத்துல சுருக்கிட்டோம். நீளத்துல ஏமாத்தலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. உயரத்துலயும் அகலத்துலயும் ஏமாத்தக் கூடாது.

அளவு எடுக்கிறேன்னு தண்டவாளத்துல இறங்கிடாதீங்க. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147 படி அது குற்றம். அதை விட முக்கியம், மின்சார வண்டி வர்ற சத்தம் பக்கத்துல வர்ற வரைக்கும் கேக்காது. இறங்கவே தேவையில்லை. பிளாட்ஃபாரத்துல நின்னு எடுத்த ஒரு போட்டோவுல, தண்டவாளத்துக்குக் குறுக்கே அதே கோட்டுல இருக்கிற எல்லாத்துக்கும் 1676 மி.மீ.தான் உங்க அளவுகோல். ஸ்லீப்பர் நீளத்தை அப்படிக் கணக்குப் போட்டோம், 2.75 மீட்டர் பக்கம் வந்துச்சு. ரயில்வே ஸ்டாண்டர்டும் அதுதான். கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர்னா இடைவெளி சுமார் 60 செ.மீ. மாடல்ல 6 மி.மீ.க்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் 27.5 மி.மீ. நீளம்.

மின்கம்பத்துக்கு இன்னும் ஈஸியான வழி இருக்கு. ஒவ்வொரு கம்பத்துலயும் ஒரு சின்ன பலகையில கிலோமீட்டர் நம்பரும் அதுக்குக் கீழே கம்பத்தோட வரிசை நம்பரும் இருக்கும். ஜன்னலோரம் உக்காந்து ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கம்பம்னு எண்ணுங்க, சராசரி இடைவெளி கிடைச்சிரும். நேர் லைன்ல அதிகபட்சம் 72 மீட்டர் வரைக்கும் விடுவாங்க. அதாவது மாடல்ல 72 செ.மீ.! நாங்க போன வருஷம் சாணுக்கு ஒண்ணு நட்டு வெச்சிருந்தோம். ஏன் நெருக்கடியா தெரிஞ்சதுன்னு இப்போதான் புரிஞ்சுது.

தண்டவாளம் மட்டும் காசு கொடுத்து வாங்கியே ஆகணும். வாங்கும்போது 'கோடு' நம்பரைப் பாருங்க. கோடு 100னா தண்டவாளத்தோட உயரம் அங்குலத்துல நூறில் பத்து பங்கு, 2.54 மி.மீ. நம்ம 60 கிலோ தண்டவாளத்தோட உயரம் 172 மி.மீ., மாடல்ல 1.72. அதுக்கு கோடு 70 தான் பக்கத்துல வருது, 1.78 மி.மீ. கிடைக்கலைன்னா கோடு 83 வாங்கி, பக்கவாட்டுல துருப் பழுப்பு அடிச்சு விடுங்க, உயரம் தெரியாது. மேல் பரப்பை மட்டும் துடைச்சு பளபளன்னு விடணும். வெளிநாட்டு டிராக்ல ஸ்லீப்பர் மரக்கட்டை மாதிரி பழுப்பா வரும். நம்ம லைன்ல இருக்கிறது கான்கிரீட். சாம்பல் நிறம் அடிச்சு, தண்டவாளம் உக்கார்ற இடத்துல மட்டும் கொஞ்சம் துருக்கறை. கைச்செலவைக் குறைக்கணும்னா ஈ.சி.ஈ. லேப்ல தூக்கிப் போடற செம்பு பூசின பி.சி.பி. துண்டுகளை ஸ்லீப்பர் அளவுக்கு வெட்டி, அஞ்சுக்கு ஒண்ணு வெச்சு தண்டவாளத்தை சால்டர் பண்ணலாம். மத்த நாலும் அட்டை. பி.சி.பி. ஸ்லீப்பரோட நடுவுல செம்பைக் கீறி விட மறந்துடாதீங்க, ரெண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆயிடும். நாங்க மறந்தோம். ஒரு சாயங்காலம் பூரா மல்டிமீட்டரோட தவழ்ந்தோம்.

இனி ஜல்லி. எங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். நிஜ ஜல்லி 65 மி.மீ.ல இருந்து 20 மி.மீ. வரைக்கும். நூறால வகுத்தா 0.65ல இருந்து 0.2 மி.மீ. போன வருஷம் நாங்க போட்டது மீன் தொட்டிக் கல், ஒவ்வொண்ணும் 3 மி.மீ. நிஜத்துல அது ஒரு அடி பாறாங்கல்! அந்த அப்பா சிரிச்சதுல நியாயம் இருக்கு.

கடையில விக்கிற மாடல் ஜல்லியைத் தேடி அலையாதீங்க. கட்டட வேலை நடக்கிற எந்த இடத்துலயும் குவாரி டஸ்ட் ரெண்டு கைப்பிடி கேட்டா தருவாங்க. நிஜ ஜல்லியும் குவாரியில உடைச்ச கருங்கல்தான், அதனால நிறமும் மினுமினுப்பும் தானாவே சரியா இருக்கும். சிவில் லேப்ல பெர்மிஷன் வாங்கி, 600 மைக்ரான் சல்லடையில சலிச்சு, 300 மைக்ரான்ல நிக்கிறதை மட்டும் எடுங்க. அதைத் தண்ணியில ரெண்டு தடவை அலசிக் காய வைங்க, இல்லைன்னா மாவு மாதிரி தூசி ஸ்லீப்பர் மேல படிஞ்சிடும். காய்ஞ்சதும் ஒரு காந்தத்தை பாலித்தீன் கவர்ல சுத்தி அது மேல ஓட்டுங்க. கறுப்பா கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும், இரும்புச்சத்து உள்ள துகள். அதை விட்டு வெச்சா ஓடற என்ஜினோட மோட்டார் காந்தம் இழுத்து உள்ளே போட்டுக்கும்.

டிராக்குக்குக் கீழே 3 மி.மீ. ஃபோம் ஷீட், ஸ்டேஷனரி கடையில கிடைக்கிறது. நிஜத்துல ஸ்லீப்பருக்குக் கீழ 300 மி.மீ. போல ஜல்லி இருக்கும், அந்த உயரம் இதுலயே வந்துடும். ஸ்லீப்பர் முனைக்கு வெளியே 3.5 மி.மீ. தோள் விட்டு அப்புறம் சரிவு. ஜல்லியை உலர்வா தூவி, மெல்லிசு பிரஷ்ல ஸ்லீப்பருக்கு நடுவுல தள்ளுங்க. பிறகு விரலால தண்டவாளத்தை டக் டக்னு தட்டினா ஸ்லீப்பர் மேல நிக்கிறதெல்லாம் உருண்டு விழும். தண்டவாளத்தோட உள்பக்கம் ஒரு துகள் கூட நிக்கக் கூடாது, சக்கரம் ஏறிடும். அப்புறம் பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு கலந்த தண்ணியைப் பனி மாதிரி ஸ்பிரே பண்ணுங்க. அந்த சோப்பு இல்லைன்னா தண்ணி முத்து முத்தா நின்னு ஜல்லியை உருட்டிட்டுப் போயிடும். ஈரம் இருக்கும்போதே ஃபெவிகாலும் தண்ணியும் சரிபாதி கலந்து, சிரிஞ்சுல சொட்டுச் சொட்டா விடுங்க. பால் மாதிரி வெள்ளையா நிக்கும், பயப்படாதீங்க, காலையில காணாமப் போயிடும். பாயிண்ட் பக்கத்துல மட்டும் பசையை ரொம்ப சிக்கனமா விடுங்க. உள்ளே இறங்கிடுச்சுன்னா பாயிண்ட் அதுக்கப்புறம் அசையாது.

மலை விஷயத்துல எங்களுக்கு ஒரு விபத்து நடந்துச்சு. தெர்மாகோலை அடுக்கி, செதுக்கி, மூணு நாள் வேலை பார்த்து சிறுமலை செஞ்சோம். கடைசி ராத்திரி ஒருத்தன் அவசரத்துல டப்பா ஸ்பிரே பெயிண்ட் அடிச்சுட்டான். அதுல இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைத் தின்னுடும். காலையில வந்து பார்த்தா சிறுமலை பல்லிளிச்சுக்கிட்டு நிக்குது. (தெர்மாகோல்னா தண்ணி கலக்குற அக்ரிலிக் மட்டும்தான். எழுதி ஒட்டி வைங்க.)

சோகத்துல உக்காந்து கணக்குப் போட்டப்போதான் ஒண்ணு தெரிஞ்சுது. லைன்ல இருந்து மலை மூணு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலே மாடல்ல அது 30 மீட்டர். லேபைத் தாண்டி கிரவுண்டுல நிக்கணும்! ரெண்டடி பலகையில மலை வைக்கிறதே தப்பு. திண்டுக்கல்ல இருந்து மதுரைப் பக்கம் போறப்போ இடது ஜன்னல்ல சிறுமலையைப் பாருங்க. பச்சையாவா தெரியுது? நீலமும் சாம்பலும் கலந்து, காலையில இன்னும் வெளிறி, ஒரே தட்டையா தெரியும். அதைச் சார்ட் பேப்பர்ல வரைஞ்சு பின்னாடி சுவத்துல நிறுத்தினோம். பாறைன்னு வெச்சது லைன் பக்கத்துல ரெண்டே ரெண்டு குண்டு. நம்ம ஊர்ப் பாறை ஆல்ப்ஸ் மாதிரி கூரா இருக்காது. யானை முதுகு மாதிரி உருண்டு, மேல இருந்து மழைத்தண்ணி வழிஞ்ச கறுப்புக் கோடு இருக்கும்.

மண்ணுக்குப் பெயிண்டே வேண்டாம். செம்மண்ணை வெயில்ல காய வெச்சு அதே சல்லடையில சலிச்சு ஒட்டினா போதும். ஆனா ஃபெவிகால் பட்டா ரெண்டு ஷேடு கறுத்துடும், அதனால முதல்ல ஒரு அட்டையில போட்டுப் பாருங்க. காய்ஞ்சதும் மேல இன்னொரு தரம் உலர் மண்ணைத் தூவினா வெளிறின நிறம் திரும்ப வரும். காய்ஞ்ச புல்லுக்கு தேங்காய் நார், பொடியா நறுக்கி. புளியமரத்துக்கு ஈ.ஈ.ஈ. லேப் பழைய வைண்டிங் கம்பியை முறுக்கி கிளை பிரிச்சு, பழைய சோபா ஃபோமைத் தண்ணி விட்டு மிக்ஸியில அரைச்சு, பச்சை சாயம் ஏத்தி ஒட்டினோம். அம்மாவோட மிக்ஸியை எடுக்காதீங்க, அதுக்கு மேல இதைப் பத்தி எழுத விரும்பலை. பனைமரம் 15 செ.மீ., புளி அதே அளவுக்குப் பக்கத்துல வரட்டும். நிறைய பேர் மரத்தைக் குட்டையாக்கிடறாங்க, உடனே ரயில் பொம்மையாயிடுது. கொடைக்கானல் ரோடு பக்கம் செய்யறீங்கன்னா திராட்சைப் பந்தல் ஒண்ணு போடுங்க. தீக்குச்சி தூணும் கொசுவலைத் துணியும் போதும்.

கடைசியா தண்டவாளத்தோட விரிவு. நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.016 மி.மீ. நீளும். எங்க 4.8 மீட்டருக்கு 20 டிகிரி ஏறினா ஒன்றரை மி.மீ. அதுக்கு மேல பிளைவுட் ஐப்பசி ஈரத்துல உப்பி, சித்திரையில சுருங்கும். மரத்தோட அசைவுதான் பெரும்பாலும் தண்டவாளத்தைக் கோணலாக்குது. பலகைக்கு ஆறு பக்கமும் பெயிண்ட் அடிச்சு மூடுங்க, ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் அரை மி.மீ. விட்டு வைங்க. கரண்டுக்கு ஜாயிண்டை நம்பாதீங்க, ஒவ்வொரு துண்டுக்கும் தனியா வயர் சால்டர் பண்ணிடுங்க.

வேலை முடிஞ்சதும் அதே அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் நடந்தார், லைன் பார்க்கிற மாதிரி. மஞ்சள் போர்டுல 'அம்பாத்துரை'ன்னு படிச்சார். ஜல்லியைத் தொடலை. பிறகு எங்க வேலிக்கருவேல் புதரைக் காட்டி, "லைனுக்கு இவ்வளவு பக்கத்துல இதை வளர விட மாட்டோம் தம்பி, வெட்டிடுவோம்"னார்.

கத்தரிக்கோல் எடுத்து அப்பவே வெட்டிட்டோம்.