வீட்டில் துப்பாக்கி இருந்தால்

காட்டுப்பன்றி தொல்லைக்காக அனுமதிப்பத்திரத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் நுவரெலியா, ஹட்டன் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர்களுக்கு:

1. வாசலுக்கு வருமுன்பே தோட்டாவை எடுத்துவிடுங்கள். குழாய்முனை வெறுந்தரையைப் பார்த்திருக்க, திறந்து பாருங்கள். விரலாலும் தடவிப் பாருங்கள். பனிமூட்டத்தில் கண் ஏமாற்றும்.

2. சுவரோடு முடுக்கிய இரும்பு அலுமாரியில் பூட்டுங்கள். கட்டிலடியும் கூரை இடுக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாத இடங்களல்ல.

3. தோட்டாக்களுக்கு வேறு இடம், வேறு பூட்டு. ஒரு சாவி தவறினாலும் இரண்டும் சேர்ந்து சிக்காது. அந்தச் சாவியைச் சாமிப்படத்துக்குப் பின்னால் மட்டும் வைக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் முதலில் கையை விட்டுத் தேடும் இடம் அதுதான்.

4. துணி உறையிலோ தோலுறையிலோ போட்டு வைக்காதீர்கள். மலைநாட்டு ஈரம் உள்ளே தங்கித் துருவேற்றும். மழையில் நனைந்தால் அன்றைக்கே துடைத்து, துப்பாக்கி எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். அடுப்படியில் காயவைப்பது வேண்டவே வேண்டாம்.

5. வீட்டில் யாராவது மனமுடைந்திருந்தாலோ, குடித்துவிட்டுச் சண்டை பிடித்தாலோ துப்பாக்கி அங்கே இருக்கக்கூடாது. கோபமும் துயரமும் தணியும், சுட்டது திரும்பாது. எங்கே ஒப்படைப்பதென்று பொலிஸ் நிலையத்தில் கேளுங்கள். மனநல உதவிக்கு 1926.

6. கட்டுத்துப்பாக்கி பக்கமே போகாதீர்கள். சட்டவிரோதம் என்பது ஒருபுறம். அது பன்றியையும், விறகுக்குப் போகும் மனிதரையும் பிரித்தறியாது.

7. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். துப்பாக்கி இலக்கத்தைத் தனியாக எழுதி வையுங்கள். களவுபோனால் 119இல் முறையிடும்போது தேவைப்படும்.