மரச்சாராயம்: ஒரு சொல்லும் ஒரு நஞ்சும்

சென்ற சில ஆண்டுகளில் விஞ்ஞானச் செய்தி கேட்டுத் தமிழ் மக்கள் மகிழ்தற்குரிய காரணங்கள் பல வாய்த்தன. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் சந்திரயான் மூன்று நிலவின் தென்பகுதியில் இறங்கிற்று. அம்முயற்சியின் திட்ட இயக்குநராய் நின்ற வீரமுத்துவேல் அவர்கள் நம் அண்டை ஊராகிய விழுப்புரத்தினர். நிலவின் மண்ணை ஒத்த மண் சோதனைக்கு வேண்டியிருந்தபோது, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையே அதனை அளித்தது. 2025ஆம் ஆண்டு சனவரியில், சிவகளையில் இரும்பு வழங்கிய காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்லும் என்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை ஓர் அறிக்கை வெளியிட்டு, அறிஞரிடையே பெரு விவாதத்தை எழுப்பிற்று. இவையெல்லாம் பேசியும் எழுதியும் பழகிய செய்திகள். ஆயின், கள்ளக்குறிச்சிப் பக்கத்தவனாகிய யான் எழுதப் புகுந்தது வேறொன்று. எங்கள் ஊர்ப்பெயர் நாடெங்கும் அடிபட்ட நாட்களில் அதனை அரசியற் செய்தியாகவும் நீதிமன்றச் செய்தியாகவும் கண்டவர் பலர்; இரசாயனச் செய்தியாகக் கண்டவர் மிகச் சிலரே.

நிகழ்ந்தது அனைவரும் அறிந்ததே. 2024ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாளும் அடுத்த நாளும் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் பாக்கெட்டில் விற்ற சாராயத்தைக் குடித்தவர்கள் வயிற்றுவலியும் வாந்தியும் கண்மங்கலும் உற்று வீழ்ந்தனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஆகிய ஊர்களின் மருத்துவமனைகளில் 200க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். 65க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பெண்டிரும் இருந்தனர். பெரும்பாலோர் நாட்கூலிகள். அடுத்த திங்களிலேயே கல்வராயன் மலைவாழ் மக்களின் நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. குற்ற விசாரணை நவம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது.

இவற்றையெல்லாம் எழுதிய இதழ்கள் யாவும் வழங்கிய சொல் ‘கள்ளச்சாராயம்’ என்பது. தமிழ் பயிலும் மாணவனுக்கு இங்கேதான் ஓர் ஐயம் எழுகின்றது. இச்சொல் இரு வேறு பொருள்களை ஒரே பெயரால் மூடிவிட்டது என்பது என் கருத்து. சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, உடலுக்கு ஒன்றல்ல.

கல்வராயன் மலையில் காய்ச்சப்படும் சாராயம் எவ்வாறு உண்டாகின்றது? வெல்லத்தை நீரிற் கரைத்து, வெள்வேலம் பட்டை முதலியன இட்டு, நாட்கணக்கில் புளிக்க வைப்பர். இதற்கு ஊறல் என்று பெயர். கண்ணுக்குத் தோன்றாத ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அந்த ஊறலிலுள்ள சர்க்கரையை உண்டு, எத்தனாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றது. பின்னர் ஊறலை அடுப்பேற்றி ஆவியைக் குளிர்விக்க, எத்தனால் மிகுந்த சாராயம் சொட்டுகின்றது. பழங்களின் சதையிலுள்ள பெக்டின் என்னும் பொருள் சிதைந்தால் மெத்தனாலும் சிறிதளவு தோன்றும். வெல்லத்தில் அப்பொருள் மிக அருகியே உள்ளது. ஆகவே வெல்ல ஊறலினின்று ஓர் ஊரையே அழிக்கத்தக்க அளவு மெத்தனால் பிறத்தற்கு வழியில்லை. மலைச்சாராயம் நல்லதென்று யான் வாதிக்கவில்லை. அதனாற் கெட்ட குடிகளை அறிவேன். கருணாபுரத்தில் கொன்றது அதுவன்று என்பதே இங்குச் சொல்லத் தக்கது.

கொன்றது ஆலையில் பிறந்த பொருள். மரத்தைக் காற்றுப் புகாமல் சூடேற்றினால் வடியும் நீரினின்று மெத்தனாலை 1661ஆம் ஆண்டில் இராபர்ட் பாயில் பிரித்தெடுத்தார். ஆதலின் அதற்கு மரச்சாராயம் என்ற பெயர் வந்தது. 1834இல் பிரான்சு நாட்டு தூமா, பெலிகோ என்னும் இருவர் அதன் இயைபை ஆராய்ந்து, கிரேக்க மொழியில் ‘மெதி’, ‘ஹூலே’ என்னும் இரு சொற்களைக் கூட்டி அதற்கொரு பெயர் படைத்தனர். ஹூலே என்பது மரம். மெதி என்பது மது. கிரேக்க மெதியும் வடமொழி மதுவும் ஒரே வேரிற் பிறந்தவை என்று மொழிநூலார் கூறுவர். நாம் மது என்று சொல்லும்போதெல்லாம் அந்நஞ்சின் பெயரில் பாதியைச் சொல்கின்றோம் போலும்! 1923 முதல் ஜெர்மனியில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் மிகுந்த அழுத்தத்திற் சேர்த்து இதனைப் பேரளவில் ஆக்கத் தொடங்கினர். இன்று வர்ணம், பிசின், மருந்து முதலிய தொழில்களுக்கு இது இன்றியமையாதது. நிறமற்றது, மணத்தாலும் சுவையாலும் எத்தனாலினின்று வேறு பிரித்தறிய நாவும் மூக்கும் போதா. ஊறல் வேண்டா, அடுப்பு வேண்டா, மலை வேண்டா. நீர் கலந்தாற் போதும். விற்பவனுக்கு அதுவே வசதி. 2023ஆம் ஆண்டு மே திங்களில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டுப் பக்கத்திலும் இருபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டதும் ஆலை மெத்தனாலே என்று அப்போதே காவல்துறை கூறிற்று. ஓராண்டு சற்றுக் கழிந்ததும் அதே பொருள் எங்கள் ஊருக்கு வந்தது.

இனி, மெத்தனால் உடலிற் செய்வதைக் காண்போம். வியப்பு யாதெனில், மெத்தனால் தன்னளவில் பெருநஞ்சன்று. குடித்தவனுக்கு இலேசான மயக்கமே தோன்றும். நம் ஈரலில் மது சாரத்தைச் சிதைப்பதற்கென ஒரு நொதி உள்ளது. அது மெத்தனாலையும் விடாது பற்றி ஃபார்மால்டிஹைடு ஆக்குகின்றது. பிணங்களையும் பிராணி உறுப்புக்களையும் கெடாது வைக்கும் நீர் இதனாலானதே. அது நொடிப்பொழுதில் மற்றொரு நொதியால் ஃபார்மிக் அமிலமாகின்றது. எறும்புகளைக் காய்ச்சி வடித்து 17ஆம் நூற்றாண்டில் ஜான் ரே கண்ட அமிலம் இது. எறும்புக்கு இலத்தீனில் ஃபார்மிகா என்று பெயர். உடலைக் காக்க எழுந்த நொதியே நஞ்சை ஆக்கித் தருகின்றது. இதற்கு நேரம் பிடிக்குமாதலின், குடித்துப் பன்னிரண்டு மணி முதல் ஒரு நாள் வரை பெருந்துன்பம் ஒன்றும் தோன்றாதிருத்தல் உண்டு. எத்தனாலையும் உடன் குடித்திருந்தால் இன்னும் நீளும். ‘நேற்றுக் குடித்தேன், நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று ஒருவன் மீண்டும் குடிப்பதும், ‘போதை தெளியட்டும்’ என்று வீட்டார் அவனைக் கிடத்திவிடுவதும் இந்த இடைவெளியிலேதான்.

ஃபார்மிக் அமிலம் உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் உலைகளிற் சென்று, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் ஆக்கும் கடைசி நொதியைத் தடுக்கின்றது. சயனைடு தடுப்பதும் அதே நொதியையே. நுரையீரல் நிறையக் காற்று வந்தும் அணுக்கள் மூச்சு முட்டுகின்றன. இரத்தம் புளிக்கின்றது, நோயாளி ஆழ்ந்து விரைந்து மூச்சு வாங்குகின்றான். ஆற்றல் மிகுதியும் வேண்டுவதாகிய கண் நரம்பு முதலிற் சாய்கின்றது. மூடுபனிக்குள் நிற்பதுபோல் எல்லாம் வெண்மையாய்த் தெரிகின்றன என்று நோயாளிகள் சொல்வதாக மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. 10 மில்லிலிட்டர் தூய மெத்தனாலே கண்ணைக் கெடுத்ததும், 30 மில்லிலிட்டர் உயிரைப் போக்கியதும் உண்டு.

இவ்வுண்மை தெளியப் பல ஆண்டுகள் ஆயின, காரணம் எலி. சோதனைச் சாலையில் எலிக்கு மெத்தனால் கொடுத்துப் பார்த்தவர்கள் அது குருடாகாமை கண்டு திகைத்தனர். ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினின் துணையால் எலியின் ஈரல் ஃபார்மிக் அமிலத்தை விரைவில் ஒழித்துவிடும். மனிதனுக்கும் குரங்குக்கும் அவ்வாற்றல் குறைவு. மக்மார்ட்டின், டெஃப்ளி முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் குரங்குகளைக் கொண்டு ஆராய்ந்து, இரத்தத்தைப் புளிக்கச் செய்வது ஃபார்மிக் அமிலமே என்று 1975இல் நிலைநாட்டினர். அதே ஆராய்ச்சியில் மற்றொன்றும் விளங்கிற்று: ஈரல் நொதியை அடைத்துவிட்டால் நஞ்சு பிறப்பதில்லை.

நொதியை அடைப்பதெப்படி? பழைய வழி எத்தனாலே! அந்நொதி மெத்தனாலைவிட எத்தனாலைப் பன்மடங்கு விரும்பிப் பற்றும். ஆதலின் மருத்துவர் அளந்து எத்தனால் ஏற்றினால், நொதி அதிலே ஈடுபட்டிருக்க, மெத்தனால் மாறாமலே மூச்சிலும் சிறுநீரிலும் மெல்ல வெளியேறும். இதைக் கேட்டு, வீட்டிலே சாராயத்தைக் கொடுத்து முறிக்கலாம் என்று எவரும் எண்ணற்க. அளவும் இரத்தப் பரிசோதனையும் இன்றி அது மற்றொரு கேடாய் முடியும். புதிய வழி ஃபோமெபிசோல் என்னும் மருந்து. இவ்வினப் பொருள்கள் அந்நொதியை அடைக்கும் என்பதை நோபல் பரிசு பெற்ற ஸ்வீடன் நாட்டு ஹ்யூகோ தியோரெல் 1960களிற் காட்டினார். மெத்தனால் நஞ்சுக்கு இதனை அமெரிக்க அரசு 2000த்தில் ஏற்றது. 2013இல் உலகச் சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. இத்துடன் சோடியம் பைகார்பனேட்டும், ஃபோலினிக் அமிலமும், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு டயாலிசிசும் வேண்டும். டயாலிசிஸ் எந்திரம் மெத்தனாலையும் ஃபார்மிக் அமிலத்தையும் ஒருங்கே இரத்தத்தினின்று நீக்கிவிடும். ஃபோமெபிசோலின் விலை மிகுதி. அதற்கெனக் காத்திராமல் எத்தனால் கொண்டு தொடங்கலாம் என்பதே ஏழை நாடுகளில் உழைத்த மருத்துவர்களின் அனுபவம்.

ஆகவே மருந்து இல்லாமற்போனதன்று பெருங்குறை. நோய் இன்னதென்று உரிய நேரத்தில் தெரியாமையே பெருங்குறை. ‘சாராயம் குடித்தான்’ என்று சொன்னால் கேட்பவர் போதையையே நினைப்பர். ‘மெத்தனால்’ என்று சொன்னால் நினைப்பதும் செய்வதும் வேறாகும். இந்த அறிதலை விரைவாக்கும் ஆராய்ச்சிகளே இத்துறையில் அண்மைக்காலத்துச் சிறந்த செய்திகள். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்துத் தொழில்நுட்பக் கழகத்தில் குண்ட்னர், பிரட்சினிஸ் முதலியோர் கையடக்கமான ஒரு கருவி செய்து, 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் விவரங்களை வெளியிட்டனர். நுண்துளைகள் உள்ள ஒரு பலபடிப் பொருளின் வழியே ஆவியைச் செலுத்தினால் மெத்தனால் முன்னும் எத்தனால் பின்னுமாக வந்து சேரும். இறுதியிலுள்ள உணர்கருவி அவற்றைத் தனித்தனியே அளந்துவிடும். மதுவையும் சோதிக்கலாம், குடித்தவனுடைய மூச்சையும் சோதிக்கலாம். இரண்டு நிமிடத்தில் விடை. நார்வே நாட்டு ஆஸ்லோவில் ஹோவ்டாவும் அவருடன் உழைப்போரும், இரத்தத்திலுள்ள ஃபார்மிக் அமிலத்தை நோயாளியின் படுக்கையருகிலேயே அறிந்துகொள்ளும் சோதனையை உருவாக்கி வருகின்றனர். கச்சிராயபாளையத்தினின்று மலையேறும் சாலையில் ஒரு நோயாளியை இறக்கிக் கொணர எவ்வளவு நேரமாகும் என்பதை அறிந்தவர்களுக்கு இரண்டு நிமிடத்தின் மதிப்பு விளங்கும்.

பிழைத்தும் பார்வை இழந்தவர்களுக்கோ இன்னும் திடமான மருந்து இல்லை. இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் என்னும் மருந்தை ஈரான் நாட்டு மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தனர். சிலருக்குப் பார்வை ஓரளவு திரும்பிற்று என்று எழுதியுள்ளனர். நோயாளிகள் சிலரே, மருந்து பெறாதவரிலும் தாமே சிறிது தேறுவோர் உண்டாதலின், ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை.