சித்திரமா, எழுத்தா?

கணினித் திரையின் அடியில் கிடக்கும் டாஸ்க்பாரைப் பற்றி விசாரம் செய்வது அற்ப விஷயமாகத் தோன்றலாம்; ஆனால் காலை முதல் மாலை வரை அத்திரையின் முன்னே அமர்ந்து ஜீவனம் நடத்துகிறவர், ஓயாமல் தம் கை போய்த் தொடும் இடம் தம் இஷ்டப்படி அமையாததால் உண்டாகும் எரிச்சலை அற்பமென்று சொல்ல மாட்டார். ஆகையால் இன்ன இயங்குதளம் என்று முடிவு செய்யுமுன், அந்தப் பட்டையில் தமக்கு வேண்டுவது சித்திரமா எழுத்தா என்பதை நிச்சயித்துக்கொள்வது உத்தமம்.

ஏழெட்டு எக்ஸெல் கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, மார்ச் மாதக் கணக்குக்கும் ஏப்ரல் மாதக் கணக்குக்கும் மாறி மாறிப் போகிற கணக்கருக்கு எழுத்தே வேண்டும். கோப்பின் பெயர் பட்டையில் தனித்தனியே தெரிந்தால் ஒரே கிளிக்கில் காரியம் முடியும். எல்லாம் ஒரே பச்சை ஐகானுக்குள் அடங்கிவிட்டாலோ, மவுஸை அதன்மேல் நிறுத்தி, மேலே கிளம்பும் சின்னஞ்சிறு படங்களில் எது மார்ச், எது ஏப்ரல் என்று தெரியாமல் விழிக்க வேண்டியதுதான். 1995இல் பிறந்தது முதல் திரையின் நான்கு ஓரங்களுக்கும் நகர்த்தக்கூடியதாயிருந்த விண்டோஸ் டாஸ்க்பார், 2021இல் விண்டோஸ் 11 வெளிவந்தபோது அடிவிளிம்போடு கட்டுண்டதுடன், பெயர் காட்டும் சௌகரியத்தையும் இழந்து நின்றது. புது வீடு கட்டியவர் ஜன்னல் வைக்க மறந்த கதைதான். 2023இல் பெயர்கள் மட்டும் திரும்பக் கிடைத்தன: பட்டையை ரைட் கிளிக் செய்து செட்டிங்ஸுக்குள் போய், ஐகான்களை ஒன்றுசேர்க்கும் விருப்பத்தில் ‘நெவர்’ என்பதைத் தேர்ந்தால் போதும்.

இடத்தைப் பற்றிய குறையும் லேசானதல்ல. 768 பிக்சல் உயரமே உள்ள மலிவான மடிக்கணினியில், விண்டோஸ் 11இன் பட்டை 48 பிக்சலை, அதாவது பதினாறில் ஒரு பங்கை, விழுங்கிவிடுகிறது. அகலம் தாராளமாகவும் உயரம் சொற்பமாகவும் உள்ள திரையில் பட்டை பக்கவாட்டில் நிற்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். பிறர் செய்த உபகருவிகளால் இதைச் சாதிக்கலாமாயினும், விண்டோஸ் புதுப்பிக்கப்படும்போது அவை செயலிழக்கக்கூடுமாதலால் அலுவலகக் கணினிக்கு அவற்றை நான் சிபாரிசு செய்யேன்.

மாக் கணினியின் டாக், இடம், வலம், கீழ் மூன்றிலும் நிற்கும். எனினும் மவுஸ் மேலே வந்தாலொழியப் பெயர் சொல்லாது. சித்திரமே போதுமென்பவருக்கு அது அழகான ஏற்பாடு.

பூரண சுதந்திரம் வேண்டுவோர் லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா என்னும் திரைமுகப்பை நாடலாம்: எந்த ஓரத்திலும், எத்தனை பட்டைகளாயினும், பெயரோடோ பெயரின்றியோ வைத்துக்கொள்ளலாம். லினக்ஸின் மற்றொரு முகப்பான குனோமிலோ இத்தகைய நிரந்தர டாஸ்க்பாரே கிடையாது. ‘டாஷ் டு பேனல்’ போன்ற நீட்சியைச் சேர்த்துப் பட்டையை வரவழைத்தாலும், ஆறு மாதத்துக்கொருமுறை வரும் புதிய பதிப்போடு அந்நீட்சி ஒத்துப்போகும்வரை காத்திருக்க நேரிடும். பிளாஸ்மாவைக் கணினியில் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாமாதலால், தமது சொந்தக் கோப்புகளைத் திறந்து அரை நாள் வேலை செய்து பார்த்த பிறகே மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் நடத்துகிறவருக்கு அந்த யோசனையும் அநாவசியம், ‘நெவர்’ ஒன்றே மார்க்கம்.