டிரில் போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு!

புது வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் சொல்லியாச்சா? ஃபைபர்காரர் வந்ததும், ஒயர் உள்ள நுழையுற வாசக்கதவுப் பக்கமே ரூட்டரை மாட்டிட்டுக் கிளம்பப் பார்ப்பார். கடைசி ரூம்ல உட்கார்ந்து மீட்டிங் பேசப்போறவ நீ. அதனால எந்த ரூமுக்கு எவ்வளவு சிக்னல் வரும்னு முன்னாடியே பேப்பர்ல போட்டுப் பார்த்துடு. பெரிய ஆபீஸ், ஆஸ்பத்திரிக்கெல்லாம் இந்தக் கணக்கை சாஃப்ட்வேர்ல போடுறாங்க. 2 பெட்ரூம் வீட்டுக்குப் பென்சிலே போதும்டி.

1. வீட்டை வரைஞ்சுக்கோ: கட்டம் போட்ட நோட்டுல ஒரு கட்டம் அரை மீட்டர்னு வெச்சுக்கோ. 9 இன்ச் சுவருக்கு ரெட்டைக் கோடு, நாலரை இன்ச் சுவருக்கு ஒத்தைக் கோடு. பீரோ, ஃபிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி, மீன் தொட்டி எங்கெங்க வரும்னும் குறிச்சுக்கோ. இரும்பும், கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற உலோகப் பூச்சும் சிக்னலைத் திருப்பி அடிச்சிடும். தண்ணி உறிஞ்சிக்கும்.

2. கோடுகளை எண்ணாதே, டிபிஎம் பாரு: போன்ல தெரியுற வைஃபை கோடுகளை நம்பாதே. வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப் போட்டா, சிக்னலை டிபிஎம் கணக்குல மைனஸ் நம்பரா காட்டும். மைனஸ் 40 பிரமாதம், மைனஸ் 80 உதவாது. வீடியோ காலுக்கு மைனஸ் 67-க்குக் கீழ போகக்கூடாது. 10 குறைஞ்சா பவர் பத்துல ஒரு பங்காயிடுச்சுன்னு அர்த்தம்.

3. ஆரம்ப நம்பரை எடு: பழைய ரூட்டரைக் கொண்டுபோய் பிளக்ல சொருகு. நெட் இல்லாட்டியும் சிக்னல் வரும். ஒரு மீட்டர் தள்ளி நின்னு, 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் தனித்தனியா நம்பர் எடு. உள்ளங்கை அகலம் நகர்ந்தாலே நம்பர் ஏறி இறங்கும். சுவர்ல பட்டுத் திரும்புற அலைகள் ஒண்ணோட ஒண்ணு மோதுறதுதான் காரணம். நாலஞ்சு இடத்துல எடுத்து சராசரி போடு. ரூட்டருக்கும் போனுக்கும் நடுவுல நீ நிக்காதே.

4. இனி கழிக்க வேண்டியதுதான்: தூரம் ரெட்டிப்பாகுற ஒவ்வொரு தடவையும் 6 கழி. 2.4-ல 9 இன்ச் செங்கல் சுவருக்கு சுமாரா 8, மரக்கதவுக்கு 3, காங்கிரீட் தளத்துக்கு 15 கழி. 5-ல சுவர் இன்னும் அதிகமா விழுங்கும், 14 வெச்சுக்கோ. உன் வீட்டுச் சுவர் எவ்வளவு தின்னுதுன்னு துல்லியமா வேணும்னா, கதவைச் சாத்திட்டு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளந்து பாரு.

ஒரு உதாரணம். ஆரம்பம் மைனஸ் 35. ரூம் 8 மீட்டர் தள்ளி, நடுவுல ரெண்டு சுவர். தூரத்துக்கு 18, சுவருக்கு 16 போக மைனஸ் 69. கால் திணறும். 5-ல ஆரம்பமே மைனஸ் 41, கடைசியில மைனஸ் 87. அங்க 5 கிடைக்கவே கிடைக்காது. அதே ரூட்டரை ஹாலும் ரூமும் சேர்ற நடைக்கு நகர்த்தி, 4 மீட்டர், ஒரு சுவர்னு ஆக்கிப் பாரு: 2.4-ல மைனஸ் 55, 5-ல மைனஸ் 67. காசு செலவில்லாம ரெண்டும் தேறிடுச்சு!

5. ஆன்டெனாவை நிமிர்த்து: நெட்டுக்குத்தா நிக்கிற குச்சி ஆன்டெனாவோட சிக்னல், அதைச் சுத்தி மெதுவடை மாதிரி பக்கவாட்டுல பரவும். நேர் மேல, நேர் கீழ ஓட்டைதான். ஒரே தளத்து வீட்டுக்கு எல்லாக் குச்சியும் நிமிர்ந்தே நிக்கட்டும். ரூட்டரை ஆள் உயரத்துக்கு மேல திறந்த இடத்துல மாட்டு. டிவிக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்காதே.

6. எக்ஸ்டெண்டர் வாங்குறதா இருந்தா: சிக்னல் செத்த ரூம்ல அதை வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல. பாதி வழியில, இன்னும் மைனஸ் 65 வர்ற இடத்துல வை. அதைவிட நல்லது, லேன் கேபிள் இழுத்து அந்த ரூம்லயே ரெண்டாவது ஆக்சஸ் பாயின்ட். கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், சுவரைப் பத்திக் கவலையே இல்ல.

7. நம்பர் நல்லா இருந்தும் நெட் இழுக்குதா? அப்போ அக்கம்பக்கத்து ரூட்டர்களோட நெரிசல்னு வெச்சுக்கோ. 2.4-ல 1, 6, 11 சேனல்கள்தான் ஒண்ணோட ஒண்ணு இடிக்காது. காலியா இருக்கிறதுக்கு மாத்து.

கணக்கு சொல்ற இடத்துல பென்சிலால ஒரு பெருக்கல் குறி போட்டு வை. அங்க இன்வெர்ட்டர் லைன்ல ஒரு பிளக் பாயின்ட் இருக்கான்னும் பார்த்துக்கோ. ஃபைபர்காரர் போன் பண்ணும்போதே, "உள்ள கூட 10 மீட்டர் ஒயர் எடுத்துட்டு வாங்கண்ணா"ன்னு சொல்லிடு. வந்த பிறகு கேட்டா "ஒயர் பத்தாதும்மா"ன்னு வாசப்பக்கமே மாட்டிட்டுப் போயிடுவார்.