ஆங்கிலம் பழகுவோம்: மழை வருமா?

வடகம் காயப்போடும் நமக்கு வானத்தைப் பார்த்தே மழை தெரியும். ஆனால் வெளியூர் வியாபாரி போனில் ஆங்கிலத்தில் கேட்டால் வாயடைத்துப் போகிறோம்.

'இட் மே ரெயின் டுமாரோ' என்றால் நாளைக்கு மழை வந்தாலும் வரலாம், நிச்சயமில்லை. 'இட் இஸ் லைக்லி டு ரெயின்' என்றால் வாய்ப்பு அதிகம். 'இட் இஸ் கோயிங் டு ரெயின்' என்றால் மேகம் கறுத்திருச்சு, வடகத்தைத் துணியோடு அள்ளணும்!

மழைக்காலத்தில் 'வீ வில் சென்ட் ஆன் ஃப்ரைடே' என்று மொட்டையாக வாக்குக் கொடுக்க வேண்டாம். வடகம் காயவில்லை என்றால் ஆர்டரே போயிடும். 'இஃப் இட் டஸ் நாட் ரெயின், வீ வில் சென்ட் ஆன் ஃப்ரைடே' என்று சொல்வோம். மழை பெய்யாவிட்டால் வெள்ளிக்கிழமை அனுப்புவோம் என்று அர்த்தம். இங்கே நாம் எல்லோரும் செய்யும் தப்பு, 'இஃப் இட் வில் நாட் ரெயின்' என்பது. மழையைச் சொல்லும் பாதியில் 'வில்' வராது; அனுப்புவதைச் சொல்லும் பாதியில் மட்டும்தான் வரும்.

வானிலை அறிக்கையில் 'ஐசொலேட்டட்' என்றால் ஓரிரு இடங்களில் மட்டும். 'ஹெவி ரெயின்' என்பது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல். அன்றைக்கு மாவே கிளற வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருத்தர் வியாபாரியாகவும் ஒருத்தர் நாமாகவும் பேசிப் பாருங்கள்.