தார்ப்பாய்க்குள் நிற்கும் புல்லட்

ஆலங்குடி

அன்புள்ள தம்பிக்கு,

பெரியம்மா எழுதுவது. போனில் பேசினால் பாதியிலேயே "சரி பெரியம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். விஷயம் உன் புல்லட்டைப் பற்றியது.

போன வாரம் உன் தங்கச்சியும் நானும் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தோம். பின் டயர் காற்று இறங்கித் தரையோடு அப்பிக் கிடக்கிறது. செயினெல்லாம் துரு. சீட்டைக் கழற்றினால், எலி தேங்காய்நாரை இழுத்து வந்து கூடு கட்டியிருக்கிறது; ஒரு வயரின் தோல் கடிபட்டுக் கம்பி தெரிகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். பேட்டரி செத்துவிட்டது என்றார். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்களாம். அது ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் டேங்குக்குள் துருப்பிடிக்கும் என்று டார்ச் அடித்துக் காட்டினார். ஓடித் தேய்ந்திருந்தால் எனக்கு வருத்தமில்லை தம்பி. நின்றே கெடுகிறது.

நீ அதை ஏன் வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். சிங்கப்பூரில் விடியுமுன்னே லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து சைட்டுக்குப் போகிறவன் நீ. யாரோ ஏற்றி, யாரோ இறக்கிவிடும் பிழைப்பு. ஊருக்கு வந்தால் நம் பேரில், டிஎன் 55 நம்பரோடு, நினைத்த நேரத்தில் எடுக்க ஒரு வண்டி வேண்டும் என்று ஆசைப்பட்டாய். அதில் தப்பே இல்லை. அறந்தாங்கி, கீரமங்கலம், பொன்னமராவதி என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி மூடிவைத்த வண்டிகளைப் பார்க்கலாம். பிள்ளை மலேசியாவிலோ துபாயிலோ இருப்பான். வெளிநாடே போகாதவர்கள் வீட்டிலும் உண்டு. ஜல்லிக்கட்டில் பரிசாக வந்த பைக்கில் கோடு விழுந்துவிடும் என்று கூடத்திலேயே நிறுத்தியிருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். கனமான வண்டியைச் சந்துக்குள் திருப்ப முடியாமல் டிவிஎஸ் எக்ஸெல்லிலேயே கடைக்குப் போய்வருகிறவர்களும் இருக்கிறார்கள். வாங்கும்போது எல்லோரும் ஓட்டத்தான் வாங்குகிறார்கள். வந்தபின் வண்டி வீட்டின் கௌரவமாகிவிடுகிறது. கௌரவத்தை யார் மழையில் நனையவிடுவார்கள்?

உன் வண்டி நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "யாரும் தொடக் கூடாது" என்று நீ சொல்லிவிட்டுப் போனது. உன் தங்கச்சி தினமும் மெயின்ரோடு வரை நடந்து, பஸ் பிடித்து, புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போகிறாள். திரும்பி வர இருட்டிவிடுகிறது. கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிறாள். வாசலிலேயே வண்டி நிற்கிறது. என்ன பிரயோசனம்?

1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது நீ பிறக்கவில்லை. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தறிவோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். உன் தாத்தா அதுவரை தன் சைக்கிளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகி வைத்திருந்தவர். தொண்டர்கள் வீடு தேடி வந்து பேசினார்கள். அப்புறம் அவரேதான் கேரியரைப் பிடித்துக்கொண்டு உன் அம்மாவின் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தார். லேடீஸ் சைக்கிள் போதாமல் பலரும் ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் கற்றோம். பிள்ளையைப் பாரில் உட்காரவைக்க அதுவே வசதியாகவும் இருந்தது. கல்குவாரிக்குப் போகிறவர்கள், நர்சுகள், வயல்வேலைக்காரர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று கொடி கட்டிய சைக்கிள்களில் 1,500 பெண்கள் புதுக்கோட்டைக்குள் வந்தார்கள். வழியெல்லாம் கேலி பேசினார்கள்தான். நாங்கள் இறங்கவில்லை. சைக்கிள் வந்தபின்தான் உன் அம்மா யாருக்கும் காத்திராமல் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தாள். அந்த அம்மாவின் மகள் இன்று பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

195 கிலோ வண்டியை அவள் எப்படிச் சமாளிப்பாள் என்று நீ பயப்படலாம். உருட்டவும் திருப்பவும் பழகக் கொஞ்ச நாள் ஆகும். மெக்கானிக் கூட நின்று சொல்லித்தருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படியும் அவளுக்கு ஒத்துவரவில்லை என்றால், விலை இருக்கும்போதே அதை விற்று அவள் பேரில் ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடு. நீ லீவில் வரும்போது அவளிடம் கேட்டு ஓட்டிக்கொள்.

பேட்டரிக்கும் டயருக்கும் நான் பணம் கொடுத்துவிட்டேன், அதை நீ அனுப்ப வேண்டாம். ஹெல்மெட்டும் என் செலவு. புதிதாக வாங்கும்போதே மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 5 வருஷத்துக்குக் கட்டியாகிவிட்டது. சொந்தச் சேதத்துக்கானதுதான் முடிந்து கிடக்கிறது. வண்டி உன் பேரில் இருப்பதால் நீதான் புதுப்பிக்க வேண்டும். இந்த வாரமே செய்துவிடு.

சாவி அம்மாவின் பீரோவில் இருக்கிறது. தங்கச்சியிடம் கொடுக்கச் சொல்லி நீ ஒரு வார்த்தை சொல்லிவிடு.

இப்படிக்கு,
பெரியம்மா